சின்ன எடிட்டர் போதும்!

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்துகொண்டிருக்கிறது. வராத வீட்டிலும் கைபேசி இருக்கிறது. "நான் இணையதளம் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

நல்ல காரியம். கையில் ஒரு தொழில் இருந்தால் என்றைக்கும் உதவும்.

ஆனால், இந்தத் தொழிலின் வாசற்படியிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். பாடம் கடினம் என்பதால் அல்ல. "எதில் எழுதுவது?" என்ற கேள்வியால்!

ஒருவர் ஒரு மென்பொருளைச் சொல்கிறார். இன்னொருவர், "அது பழசு, இதைப் போடு" என்கிறார். மூன்றாமவர், "பெரிய கம்பெனிகளில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள்" என்கிறார். பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது. அப்பா பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

நம்முடைய பதில் இதுதான்: முதலில் கற்றுக்கொள்கிறவர்களுக்குச் சின்ன எடிட்டர் போதும். போதும் என்ன? அதுதான் நல்லது.

ஏன் என்று பார்ப்போம்.

எடிட்டர் என்றால் என்ன?

பத்திரிகை ஆபீசில் எடிட்டர் என்றால் ஆசிரியர். கம்ப்யூட்டரில் எடிட்டர் என்றால் எழுதும் பலகை. அதில் எழுத்தை அடிக்கலாம், அழிக்கலாம், திருத்தலாம், சேமித்து வைக்கலாம்.

இணையப் பக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பிரவுசரில் நாம் பார்க்கும் தலைப்பு, படம், வண்ணம், பொத்தான் எல்லாவற்றுக்கும் பின்னால் வெறும் எழுத்துத்தான் இருக்கிறது. அந்த எழுத்தில் "இது தலைப்பு", "இது பத்தி", "இங்கே படம் வரட்டும்" என்று குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும். இப்படிக் குறிப்பு எழுதும் முறைக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறோம். கையால் எழுதிய தாளில், "மாப்பிள்ளை பெயரைப் பெரிய எழுத்தில் போடவும்" என்று ஓரத்தில் எழுதி வைக்கிறோம். அச்சகத்தார் அந்த வரியை அச்சடிப்பதில்லை. அதன்படி செய்கிறார். எச்.டி.எம்.எல். குறிப்பும் அப்படித்தான். பிரவுசர் அதைக் காட்டாது. அதன்படி பக்கத்தைக் கட்டும்.

நம்பிக்கை வரவில்லையா? கம்ப்யூட்டரில் ஏதாவது ஓர் இணையப் பக்கத்தைத் திறவுங்கள். 'கன்ட்ரோல்' பொத்தானை அழுத்திக்கொண்டே 'யு' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டுங்கள். பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் எழுத்து அப்படியே தெரியும். உலகத்தில் எத்தனையோ பேர் இப்படிப் பார்த்துப் பார்த்தே இந்தத் தொழிலைக் கற்றார்கள்.

ஜெனீவாவில் பிறந்தது

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரத்துக்கு அருகில் 'செர்ன்' என்ற பெரிய அணு ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. பல நாட்டு விஞ்ஞானிகள் அங்கே வேலை செய்கிறார்கள். ஒருவர் எழுதி வைத்ததை மற்றொருவர் தேடி எடுப்பது பெரும்பாடாக இருந்தது.

அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், 1989-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய இணையத்தளங்கள் எல்லாம். 1990-ல் அவர் முதல் பிரவுசரை எழுதி முடித்தார். 1993-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, இதை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது.

அவருடைய முதல் பிரவுசரில், பார்க்கவும் செய்யலாம், எழுதவும் செய்யலாம். ஆனால் உலகமெங்கும் பரவிய பிரவுசர்களில் பார்க்கும் வசதி மட்டுமே இருந்தது. ஆகவே மக்கள் என்ன செய்தார்கள்? கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த சாதாரண எடிட்டரைத் திறந்து, குறிப்புகளைக் கையாலேயே அடித்தார்கள். அந்த நாளில் எழுந்த இணையதளங்களில் மிகப் பல அப்படிப் பிறந்தவையே.

அன்று அவர்களுக்குப் போதுமாக இருந்தது, இன்று நம் பிள்ளையின் முதல் பாடத்துக்குப் போதாதா?

வேர்டில் எழுதாதீர்கள்

"எங்கள் கம்ப்யூட்டரில் வேர்டு இருக்கிறதே, அதில் எழுதலாமா?" என்று சிலர் கேட்பார்கள்.

கூடாது!

வேர்டு கெட்ட மென்பொருள் என்று சொல்லவில்லை. விண்ணப்பம் எழுதுவதற்கும் கடிதம் எழுதுவதற்கும் அது நல்லது. ஆனால், நாம் அடித்த எழுத்தோடு அது தன் சரக்கையும் சேர்த்துச் சேமிக்கும். எழுத்தின் அளவு என்ன, நிறம் என்ன, ஓரம் எவ்வளவு என்பதெல்லாம் ஃபைலுக்குள் புகுந்துவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மேற்கோள் குறியை நாம் நேராக அடிப்போம். வேர்டு அதை அழகுக்காக வளைத்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். பிரவுசருக்கு அப்படி இல்லை. நேரான குறியை மட்டுமே அது குறிப்பின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். வளைந்த குறியை வேறு எழுத்து என்று நினைக்கும். இணைப்பைத் தட்டினால் பக்கம் வராது.

பிள்ளை என்ன நினைக்கும்? "நான் எழுதியது தப்பு. எனக்கு இது வராது" என்று நினைக்கும். தப்பு பிள்ளையினுடையது அல்ல, பலகையினுடையது!

மளிகைக்கடைச் சிட்டையை யாராவது ஜரிகைத் தாளில் எழுதுவார்களா? வேலைக்கு ஏற்ற தாள் வேண்டும். கோடு எழுதுவதற்கு வேண்டியது வெறும் எழுத்தை வெறும் எழுத்தாகவே வைக்கும் எடிட்டர்.

ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் 'டெக்ஸ்ட்எடிட்' என்ற எடிட்டர் இருக்கிறது. சாதாரணமாக அது அலங்கார எழுத்தில்தான் திறக்கும். 'ஃபார்மேட்' என்ற பட்டியலுக்குப் போய், வெறும் எழுத்தாக மாற்றிய பிறகே எழுத வேண்டும்.

தமிழ் எழுத்துக்கு ஒரு எச்சரிக்கை

தமிழில் இணையப் பக்கம் செய்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது. எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் தமிழுக்கு ஆளுக்கு ஓர் எண் முறை வைத்திருந்தார்கள். ஒரு முறையில் அடித்ததை மற்றொரு முறையில் திறந்தால் ஒன்றும் புரியாது.

யூனிக்கோடு என்ற பொது முறை 1991-ல் வந்தது. அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. யூனிக்கோடு எழுத்துக்களை ஃபைலில் சேமிப்பதற்கு 'யு.டி.எஃப்.-8' என்ற வழி இருக்கிறது. கென் தாம்ஸன், ராப் பைக் என்ற இரண்டு அமெரிக்கா வாழ் நிபுணர்கள் 1992-ம் ஆண்டு செப்டம்பரில் இதை உருவாக்கினார்கள். எங்கே தெரியுமா? நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில்! மேஜையில் தட்டுக்கு அடியில் போட்டிருந்த தாளில் கணக்குப் போட்டார்கள்.

'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஐந்து. த, ம, அதன் கொக்கி, ழ, அதன் புள்ளி என்று ஐந்தாக எண்ணும். யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் இடம். ஆக மொத்தம் 15 பைட்.

எடிட்டர் இந்த முறையில் சேமிக்காவிட்டால் என்ன ஆகும்? பழைய 'ஆன்சி' முறையில் சேமித்தால் தமிழ் எழுத்துக்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அடித்தது போயே போய்விடும்.

விண்டோஸில் இருக்கும் நோட்பேடு, 2019-ம் ஆண்டிலிருந்து யு.டி.எஃப்.-8 முறையிலேயே சேமிக்கும்படி மாற்றப்பட்டது. அதற்கு முந்திய பழைய கம்ப்யூட்டரானால், சேமிக்கும்போது நாமே அந்த முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்தின் தலைப்பகுதியிலும், "இது யு.டி.எஃப்.-8 முறையில் எழுதியது" என்று பிரவுசருக்கு ஒரு வரி எழுதிவிட வேண்டும். இரண்டும் செய்தால் தமிழ் தமிழாகவே தெரியும்.

என்னென்ன இருக்க வேண்டும்?

எடிட்டர் வாங்கும்போது, அல்லது இறக்கும்போது, ஆறு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று: வெறும் எழுத்தாகச் சேமிக்க வேண்டும்.

இரண்டு: யு.டி.எஃப்.-8 முறை இருக்க வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு வரிக்கும் எண் காட்ட வேண்டும். "37-வது வரியில் தப்பு" என்று பிரவுசர் சொன்னால், விரலை வைத்து எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

நான்கு: குறிப்புக்கு ஒரு நிறம், சாதாரண எழுத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு குறியை மூட மறந்துவிட்டால் அதற்குக் கீழே நிறம் மாறிப் போகும். கண்ணுக்கு உடனே தெரியும். அரிசியில் கல் தெரிவது போல!

ஐந்து: ஒரு சொல்லைத் தேடவும், எல்லா இடத்திலும் ஒரே தடவையில் மாற்றவும் வசதி வேண்டும்.

ஆறு: தட்டியவுடன் திறக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரிலும் திணறாமல் ஓட வேண்டும்.

இதற்கு மேல் உள்ளதெல்லாம் பாயசத்தில் முந்திரி. இருந்தால் சரி. இல்லாவிட்டாலும் பாயசம் பாயசம்தான்.

எதை எடுத்துக்கொள்ளலாம்?

முதல் இரண்டு வாரங்களுக்கு, கம்ப்யூட்டரோடு வந்த எடிட்டரே போதும். விண்டோஸ் என்றால் நோட்பேடு. 1985-ல் விண்டோஸின் முதல் பதிப்பு வந்தபோதே அதுவும் கூட வந்தது. அதில் மேலே சொன்ன நிறம் பிரித்துக் காட்டும் வசதி கிடையாது. இருந்தாலும், எழுத்தைச் சேமித்து, பிரவுசரில் திறந்து, "நான் எழுதியது பக்கமாகிவிட்டது!" என்று துள்ளுவதற்கு அது போதும்.

நோட்பேடில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது, அது கடைசியில் 'டாட் டி.எக்ஸ்.டி.' என்று வாலை ஒட்டிவிடும். அப்புறம் பிரவுசரில் திறந்தால் பக்கம் வராது. குறிப்புகளே அப்படியே தெரியும். சேமிக்கும்போது 'ஆல் ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பெயரின் முடிவில் 'டாட் எச்.டி.எம்.எல்.' என்று நாமே அடிக்க வேண்டும்.

இரண்டு வாரம் ஆனபின், விண்டோஸ் வைத்திருப்பவர்கள் நோட்பேடு பிளஸ் பிளஸ் என்ற எடிட்டருக்குப் போகலாம். டான் ஹோ என்பவர் 2003-ல் வெளியிட்டது. நாம் எழுதிய ஆறும் அதில் உண்டு. காசு கிடையாது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஜீனி, கேட் என்ற எடிட்டர்கள் உண்டு. இவற்றுக்கும் காசு இல்லை.

எதை இறக்கினாலும் அதனுடைய சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். "இங்கே இலவசம், இங்கே இலவசம்" என்று கூவும் இடங்களில் தொடாதீர்கள். அங்கே மென்பொருளோடு வைரசும் சேர்ந்து வரும். புதிய பதிப்பு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் எடிட்டர்களும் இருக்கின்றன. 2008-ல் வந்த சப்லைம் டெக்ஸ்ட் நல்ல பெயர் எடுத்தது. 2021-ல் அதன் நான்காம் பதிப்பு வந்தபோது தனிநபருக்கு 99 டாலர் விலை. தொழிலில் சம்பாதிக்கிறவர் வாங்கலாம். படிக்கிற பிள்ளைக்கு அது அவசியம் இல்லை.

உகாண்டாவுக்கு உதவிய எடிட்டர்

வேறோர் எடிட்டரைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. அதன் பெயர் விம்.

நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த பிராம் மூலெனார் என்பவர் 1991-ல் அதை வெளியிட்டார். அமெரிக்காவில் பில் ஜாய் என்பவர் 1976-ல் எழுதிய 'வி.ஐ.' என்ற எடிட்டரின் வழியில் வந்தது அது. விம் எடிட்டருக்கு மூலெனார் விலை கேட்கவில்லை. "உங்களுக்குப் பிடித்திருந்தால், ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு உதவுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். எடிட்டரைத் திறந்தாலே அந்த வேண்டுகோள் கண்ணில் படும். 2023-ம் ஆண்டு ஆகஸ்ட் 3-ந் தேதி அவர் காலமானார். எடிட்டர் வாழ்கிறது.

ஆனாலும், புதிதாகக் கற்கிறவர்களுக்கு விம் வேண்டாம். அதில் எழுதுவதற்கு ஒரு நிலை, கட்டளை கொடுப்பதற்கு ஒரு நிலை. உள்ளே போனவர் வெளியே வரும் வழி தெரியாமல் முழிப்பது உலகப் பிரசித்தம். கை பழகியவர்களுக்கு அது குதிரை. பழகாதவர்களுக்குக் கீழே தள்ளும் குதிரை!

பெரிய எடிட்டர் கெட்டதா?

"கம்பெனிகளில் விஷுவல் ஸ்டுடியோ கோடுதானே வைத்திருக்கிறார்கள்? பிள்ளை முதலிலிருந்தே அதைக் கற்றால் என்ன?"

நியாயமான கேள்வி. இதற்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2015-ல் வெளியிட்ட எடிட்டர் அது. இலவசம். நல்ல எடிட்டர். வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் அதைக் கற்கத்தான் வேண்டும். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் எப்போது?

அது தன் வயிற்றுக்குள் ஒரு முழு பிரவுசரின் இயந்திரத்தையே சுமந்துகொண்டு ஓடுகிறது. நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினியில் அது மூச்சு வாங்கும். திறந்தால் நாலா பக்கமும் பட்டியல்கள், பொத்தான்கள், கூடுதல் கருவிகள். "இதைப் போட்டுக்கொள், அதைப் போட்டுக்கொள்" என்று அறிவிப்புகள். பக்கம் எழுத உட்கார்ந்த பிள்ளை, எடிட்டரை அலங்கரிப்பதிலேயே ஒரு வாரத்தைக் கழித்துவிடும். பின்னணிக்கு எந்த நிறம் வைக்கலாம் என்பதே பெரிய ஆராய்ச்சியாகிவிடும். எழுதிய வரி எத்தனை? பூஜ்யம்!

இன்னொன்று. பெரிய எடிட்டர் பாதி எழுதும்போதே மீதியை முடித்துக் கொடுத்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. "தலைப்பும் படமும் வைத்து ஒரு பக்கம் எழுது" என்று சொன்னால் முழுப் பக்கத்தையும் கொட்டிவிடுகிறது.

தொழில் தெரிந்தவருக்கு இது வரப்பிரசாதம். நேரம் மிச்சம். தெரியாதவருக்கு? எதிரில் கொட்டிக் கிடப்பது சரியா, தப்பா என்று பார்க்கத் தெரிய வேண்டாமா? கணக்குப் பழகாதவர் கையில் கால்குலேட்டர் கொடுத்தால், தப்பாகத் தட்டியதையும் சரி என்றே நம்புவார்.

ஆகவே, முதல் மூன்று மாதம் சின்ன எடிட்டர். குறியைக் கையால் திற; கையால் மூடு. தப்பு வந்தால் கண்ணால் தேடு. அதற்குப் பிறகு பெரிய எடிட்டருக்குப் போ. அப்போது அது கொடுக்கும் ஒவ்வொரு வசதியும் எதற்கு என்று புரியும். நீச்சல் தெரிந்தபின் படகில் ஏறுவது போல.

கருவி போகும், எழுத்து இருக்கும்

"பெரிய கம்பெனியின் கருவியைக் கற்றால் அது என்றைக்கும் நிற்கும்" என்று நினைப்பதும் சரியில்லை.

மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் ஃபிரண்ட்பேஜ் என்ற கருவி 1990-களின் பிற்பகுதியில் கொடிகட்டிப் பறந்தது. 2003-க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பே வரவில்லை.

அடோபி கம்பெனி 'பிராக்கெட்ஸ்' என்ற எடிட்டரைக் கொடுத்தது. 2021-ம் ஆண்டு செப்டம்பரில் ஆதரவை நிறுத்திக்கொண்டது.

கிட்ஹப் கம்பெனி 'ஆட்டம்' என்ற எடிட்டரைக் கொடுத்தது. உலகெங்கும் பலர் விரும்பினார்கள். 2018-ல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை வாங்கியது. 2022-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி ஆட்டத்துக்கு மூடு விழா நடந்தது.

அந்தக் கருவிகளின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. எச்.டி.எம்.எல்.லையே கற்றவர்கள் வேறோர் எடிட்டரைத் திறந்து வேலையைத் தொடர்ந்தார்கள். ஆட்டத்தில் எழுதிய ஃபைல் நோட்பேடிலும் திறக்கும். ஜீனியிலும் திறக்கும். இன்னும் முப்பது வருஷம் கழித்து வரப் போகும் எடிட்டரிலும் திறக்கும். ஏன்? அது வெறும் எழுத்து!

தையல் கற்றவருக்கு எந்த மிஷினும் சொந்தம். மிஷினின் பெயரை மட்டும் கற்றவருக்கு, அது பழுதானால் பிழைப்பே பழுது.

பெற்றோர்களே, கவனியுங்கள்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கும் திட்டம் 2011-ல் தொடங்கியது. லட்சக்கணக்கான வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் நுழைந்தது. அவற்றில் எத்தனையோ இன்று அலமாரியில் தூங்குகின்றன. "பழசு, எதற்கும் உதவாது" என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அந்தக் கம்ப்யூட்டர் திறக்கிறதா? எழுத்து அடிக்க முடிகிறதா? அப்படியானால் இணையப் பக்கம் எழுதப் பழகுவதற்கு அது போதும்! பாடம் பழகும்போது இணைய இணைப்புக்கூட வேண்டாம். எழுதிய ஃபைலை அதே கம்ப்யூட்டரில் உள்ள பிரவுசரில் திறந்து பார்க்கலாம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மா அப்பளம் போட்டு விற்கிறார். மகள் டிப்ளமா படிக்கிறாள்.

"அப்பா, என் கம்ப்யூட்டரில் பெரிய எடிட்டர் ஓடவில்லை. புதுசு வாங்கணும்."

"எவ்வளவும்மா ஆகும்?"

"முப்பது, நாற்பதாயிரம் ஆகும்ப்பா."

அப்பா கடன் வாங்கப் புறப்படுகிறார். அம்மா காதுத் தோட்டைத் தடவுகிறார்.

வேண்டாம், பொறுங்கள்! அந்தப் பழைய கம்ப்யூட்டரிலேயே சின்ன எடிட்டரைப் போடச் சொல்லுங்கள். முதல் வேலையாக, அம்மாவின் அப்பளத்துக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். மேலே பெயர். நடுவில் ஒரு படம். கீழே உளுந்து அப்பளம் என்ன விலை, அரிசி அப்பளம் என்ன விலை என்று ஓர் அட்டவணை. கடைசியில் போன் எண். இவ்வளவும் ஐம்பது, அறுபது வரிக்குள் அடங்கும்.

அதை மகள் தன் கையால் எழுதி முடிக்கட்டும். பிறகு, "இந்த வரி எதற்கு?" என்று கேளுங்கள். உங்களுக்கு எச்.டி.எம்.எல். தெரிய வேண்டியதில்லை. அவள் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்கிறாளா என்று மட்டும் பாருங்கள். சொன்னால், அவளுக்குத் தொழில் வந்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதா என்பதை அப்போது யோசிக்கலாம். அந்தப் பணம் வீண் போகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பதினோராம் வகுப்பில் 'கணினிப் பயன்பாடுகள்' பாடத்தில் எச்.டி.எம்.எல். இடம் பெற்றிருக்கிறது. வெளியே பயிற்சி நிலையங்களும் ஏராளம். "எங்களிடம் நவீனக் கருவிகள் இருக்கின்றன" என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். கருவியைக் காட்டிக் கட்டணம் வாங்குவது சுலபம். பிள்ளைக்குப் பாடம் ஏறியதா என்பதுதான் கேள்வி.

முதல் மாதம் சின்ன எடிட்டரில் எழுத வையுங்கள். மாதக் கடைசியில், வெறும் நோட்பேடில், எதையும் பார்க்காமல், ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதினால் அடுத்த பாடத்துக்குப் போங்கள். எழுதாவிட்டால், எவ்வளவு பெரிய எடிட்டரைக் கொடுத்தாலும் பயன் இல்லை.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரும் இதையே கேட்கலாம். "இங்கே படித்து முடித்தால், என் பிள்ளை சாதாரண நோட்பேடில் ஒரு பக்கம் எழுதுவானா?" பதிலைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

இன்றைக்கே தொடங்கலாம்

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அலமாரியில் இருக்கும் கம்ப்யூட்டரை எடுங்கள். தூசியைத் துடையுங்கள். நோட்பேடைத் திறக்கச் சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்களின் பெயர்களைத் தமிழில் வரிசையாக எழுதி, மேலே "எங்கள் குடும்பம்" என்று தலைப்பு வைக்கட்டும். யு.டி.எஃப்.-8 முறையில் சேமித்து, பிரவுசரில் திறக்கட்டும்.

பாட்டியின் பெயர் திரையில் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாட்டியும் வந்து பார்ப்பார்.

செலவு? ஒரு காசு இல்லை.